கப்பல் மாறும் இடம்

விமானம் மாறும் இடைவெளியில் ஒரு பழைய நகரத்தைப் பார்த்துவிட முடியுமா என்று யாராவது கேட்டால், என் வாயிலிருந்து பதில் வந்து விழுகிற வேகம் கொஞ்ச நாளாக என்னை உறுத்துகிறது. ரோம் வழியாகப் போகிறவர்கள் கேட்டால் கணக்கு இன்னும் சரளம். ஃபியூமிச்சினோ விமான நிலையத்திலிருந்து தெர்மினி நிலையத்துக்கு லியனார்டோ எக்ஸ்பிரஸ் 32 நிமிடம், டிக்கெட் 14 யூரோ. அங்கிருந்து மெட்ரோவில் இரண்டாவது நிறுத்தம் கொலோசியம். திரும்பி வந்து பாதுகாப்புச் சோதனைக்கும் பாஸ்போர்ட் வரிசைக்கும் மூன்று மணிநேரம் ஒதுக்க வேண்டும். கையில் ஆறு மணிநேரம் இருந்தால் பாதி இப்படியே போய்விடும். இறங்கி வெளியே வர முக்கால் மணி. ரயிலுக்குக் காத்திருப்பதையும் சேர்த்துப் போக வர ஒன்றேகால் மணி. மிச்சம் ஒரு மணிநேரம், மெட்ரோவையும் சேர்த்து. கொலோசியத்தை வெளியிலிருந்து ஒரு சுற்று, பக்கத்து இடிபாடுகளைச் சாலை ஓரத்துக் கம்பியைப் பிடித்தபடி ஒரு பார்வை, நின்றுகொண்டே ஒரு காபி. கணக்கில் பிழை இல்லை. தெர்மினி வாசலிலேயே கி.மு. 4ஆம் நூற்றாண்டு மதில் ஒன்று நிற்கிறது. அதன் மிச்சம் நிலையத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பர்கர் கடைக்குள்ளும் இருக்கிறது. தட்டை ஏந்தியவர்கள் அதன் ஓரமாக இடம் தேடுவார்கள். ரயிலுக்கு ஓடுகிறவன் மதிலையும் பார்க்காமல் பர்கரையும் தின்னாமல் கடந்துவிடுவான். இத்தனையும் எனக்கு மனப்பாடம் என்பதுதான் சங்கடம். ஒரு நகரத்தை மணிக்கணக்காக அறுத்துக் கொடுக்கும் இந்தத் திறமையை எப்போது, எதற்காகக் கற்றுக்கொண்டேன்?

அக்கா மகன் ஒருமுறை போனில் கோபித்துக்கொண்டான். “ஆறு மணி நேரம் இருக்கு மாமா. சும்மா ஏர்போர்ட்லயே உக்காந்திருக்கச் சொல்றீங்களா?” அவன் கோபம் நியாயமானது. கடன் வாங்கிப் படிக்கப் போகிறவன். திரும்ப எப்போது அந்தப் பக்கம் போவான் என்று அவனுக்கே தெரியாது. ரோம் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்க, ஒரு கண்ணாடிச் சுவருக்குள் செருப்புக் கடையையும் வாசனைத் திரவியக் கடையையும் சுற்றி வா என்று சொல்ல நான் யார்? அவசரமாகப் பார்ப்பது அற்பம் என்று சொல்கிறவர்களைக் கவனித்திருக்கிறேன். அநேகமாக அவர்கள் எல்லோரும் நிதானமாக ஒருமுறை பார்த்து முடித்தவர்கள். பந்தியில் சாப்பிட்டு எழுந்தவன் பசியைப் பற்றிப் பேசுகிற பேச்சு அது. ஆகவே அவனுக்கு ரயில் நேரங்களை அனுப்பிவைத்தேன். அனுப்பிய பிறகும் உறுத்தல் போகவில்லை. அது அவசரத்தைப் பற்றியது அல்ல என்று மெல்லத்தான் புரிந்தது. ஃபியூமிச்சினோ என்பதை நாங்கள் இருவருமே வெறும் கதவாக வைத்துப் பேசியிருந்தோம். அந்தப் பக்கம் நகரம், வரலாறு, பார்க்க வேண்டியவை. இந்தப் பக்கம் எதுவுமில்லாத நேரம். எதுவுமில்லாத நேரத்தை எப்படி நிரப்புவது என்பதுதான் அவன் கேள்வி, அதற்குத்தான் என் பதில். இந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை.

இத்தனைக்கும் அங்கே இருப்பதை ஜன்னலோரம் உட்கார்ந்தாலே பார்த்துவிடலாம். ஃபியூமிச்சினோவில் இறங்கும் விமானம் சரியான பக்கமாகச் சாய்ந்தால், வயல்களுக்கும் சாலைகளுக்கும் நடுவே ஒரு ஏரி தெரியும். இயற்கையான ஏரிக்கு வாய்க்காத வடிவம் அதற்கு: ஒழுங்கான அறுகோணம், ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 358 மீட்டர். பேரரசன் ட்ராஜன் கி.பி. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டிய துறைமுகக் குளம் அது. அதற்கு முன்பே பேரரசன் கிளாடியஸ் கி.பி. 42இல் அதன் கடற்பக்கத்தில் இன்னும் பெரிய துறைமுகம் ஒன்றைத் தொடங்கியிருந்தான். அதன் கலங்கரை விளக்கத்துக்கு அஸ்திவாரமாக ஒரு கப்பலையே காங்கிரீட்டால் நிரப்பி மூழ்கடித்தார்கள். பேரரசன் காலிகுலாவுக்காக எகிப்திலிருந்து ஒற்றைக்கல் தூணைச் சுமந்துவந்த கப்பல். தூண் இன்று புனித பேதுரு சதுக்கத்தின் நடுவில் நிற்கிறது, கூட்டம் கூட்டமாக மக்கள் அதைப் படம் எடுக்கிறார்கள். சுமந்துவந்த கப்பல் மண்ணுக்குள் போயிற்று. ரோமுக்குப் போய்ச் சேர்ந்தது நினைவுச்சின்னம். அதைக் கொண்டுவந்தது அஸ்திவாரம். கிளாடியஸின் துறைமுகம் பாதுகாப்பானதாகவும் இருக்கவில்லை. கி.பி. 62இல் அடித்த புயலில் துறைமுகத்துக்குள்ளேயே இருநூறு கப்பல்கள் அழிந்தன என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். டைபர் ஆறு வண்டல் கொட்டிக் கொட்டிக் கடலைச் சில கிலோமீட்டர் பின்னுக்குத் தள்ளிவிட்டது. துறைமுகம் தரையானது, தரை சதுப்பானது, சதுப்பு மலேரியாக் காடானது. 1884இல் ரவென்னாவிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள் காய்ச்சலுக்கு ஆள் கொடுத்தபடி அந்தப் பகுதியின் நீரை வடிக்கத் தொடங்கினார்கள். விமான நிலையம் 1961இல் இயங்கத் தொடங்கியது, அதன் ஒரு பகுதி கிளாடியஸின் துறைமுகத்தின் மேல். ஆக அங்கே ஒருவன் விமானம் மாறுகிறான் என்றால், ஏறத்தாழ அதே இடத்தில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் மற்றவர்கள் செய்துவந்ததையே செய்கிறான். கடல்கப்பல்கள் டைபரில் ஏற முடியாத அளவுக்குப் பெரியவை. கோதுமையும் எண்ணெயும் திராட்சை ரசமும் இங்கே இறக்கப்பட்டு, ஆற்றுப் படகுகளில் மாற்றப்பட்டு, கரையோரமாகக் கயிறு கட்டி இழுக்கப்பட்டு ரோமுக்குப் போயின. 32 நிமிடத் தூரத்துக்கு இரண்டு மூன்று நாள்.

அந்தப் படகுகள் சிலவற்றை இப்போதும் பார்க்கலாம். விமான நிலையம் கட்டத் தோண்டியபோது 1950களின் இறுதியில் கிளாடியஸ் துறைமுகத்து வண்டலுக்குள்ளிருந்து அவை வெளிப்பட்டன. கிடைத்த இடத்திலேயே அருங்காட்சியகம் கட்டி 1979இல் திறந்தார்கள். 2002இல் மூடியது 2021இல்தான் மறுபடி திறந்தது. முனையத்திலிருந்து சில நிமிடத் தூரம். உள்ளே இரும்புத் தாங்கிகளின் மேல் கரிய விலா எலும்புகளாக நிற்கின்றன ஆற்றுப் படகுகள். நான் அதிக நேரம் நின்றது அவற்றில் சிறியதன் முன்னால். மீனவன் ஒருவனுடைய படகு. நடுவில் மரப்பெட்டி ஒன்றைப் படகோடு சேர்த்தே கட்டியிருக்கிறார்கள். அடியில் வரிசையாகத் துளைகள். தக்கைகளை எடுத்தால் கடல்நீர் உள்ளே வரும், பிடித்த மீன் கரை சேரும்வரை உயிரோடு நீந்தும். பலகையோடு பலகை சேரும் விளிம்பைக் கிட்டத்தில் பார்த்தால் தச்சனின் கைவேலை தெரிகிறது: ஒரு பலகையின் விளிம்பில் குழி, மறு பலகையிலும் குழி, இரண்டுக்கும் நடுவே ஒரு மரநாக்கு, அது நழுவாமல் இருபுறமும் ஒரு மரஆணி. இப்படிப் படகின் வெளிக்கூட்டை முதலில் முடித்துவிட்டுத்தான் உள்ளே குறுக்கு மரங்களை வைப்பார்கள். கட்டியவன் ஒவ்வொரு நாக்கையும் தனித்தனியாகச் செதுக்கியிருக்க வேண்டும். தலைக்கு மேலே இரைச்சல் எழுந்து கூரையைத் தாண்டிப் போனது. கண்ணாடி லேசாக அதிர்ந்தது. அந்த மீனவன் எங்கும் புறப்பட்டவன் அல்ல என்பது அப்போதுதான் உறைத்தது. பேரரசின் அத்தனை கப்பல்களும் வந்து மாறிப் போன துறையில், அவன் காலையில் போய் மாலையில் திரும்பியவன். மீன் செத்துவிடக் கூடாது என்பது அவன் கவலை.

இந்தத் துறையில் இறங்கிக் காத்திருந்த ஒருவருடைய கடிதம் நமக்குக் கிடைத்திருக்கிறது. எகிப்தின் ஃபயூம் பகுதியில் கிடைத்த பாப்பிரஸ், இன்று பெர்லினில் இருக்கிறது, கி.பி. 2 அல்லது 3ஆம் நூற்றாண்டு. எழுதியவர் பெயர் இரேனேயுஸ், அலெக்சாந்திரியாவிலிருந்து தானியம் கொண்டுவந்த கப்பல்காரர்களில் ஒருவர். தம்பியோ உடன்பிறவா உறவோ, அப்போலினாரியுஸ் என்பவருக்கு எழுதுகிறார். எபெய்ஃப் மாதம் 6ஆம் நாள் கரை சேர்ந்தேன், 18ஆம் நாள் சரக்கை இறக்கி முடித்தோம், 25ஆம் நாள் ரோமுக்குப் போனேன் என்று தேதி தேதியாகச் சொல்லிக்கொண்டு போகிறார். ரோமைப் பற்றி அவர் எழுதியது ஒரே ஒரு வாக்கியம்: தெய்வத்தின் விருப்பப்படி அந்த ஊர் தங்களை ஏற்றுக்கொண்டது என்ற பொருளில். கொலோசியம் அப்போது இடிபாடு அல்ல, சுண்ணாம்பும் சலவைக்கல்லும் வெயிலில் கண்ணைக் கூசவைக்கும் கட்டடம். அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அடுத்த வரியிலேயே அவருடைய கவலை வந்துவிடுகிறது: விடுவிப்புச் சீட்டுக்காக நாள்தோறும் எதிர்பார்த்திருக்கிறோம், தானியக் கப்பல்காரர் ஒருவரையும் இன்றுவரை விடவில்லை. கடிதத்தின் தேதி அடுத்த மாதமான மெசொரே 9. எகிப்திய மாதத்துக்கு முப்பது நாள் என்பதால் கரையேறி ஒரு மாதத்துக்கும் மேல் ஆகிவிட்டது. பிறகு ஊரில் இருப்பவர்களுக்கு வாழ்த்து. உன் மனைவிக்கு, செரேனுஸுக்கு, உன்னை நேசிக்கிற எல்லோருக்கும் பெயர் பெயராக. இந்தக் கடிதத்தை முதலில் படித்தபோது ஏமாற்றமாகத்தான் இருந்தது. மனிதர் ரோமையே பார்த்திருக்கிறார், எழுதத் தெரிந்திருக்கிறது, இரண்டு வரி கூடுதலாக எழுதியிருக்கக் கூடாதா? பிறகுதான் தோன்றியது, அவர் எனக்காக எழுதவில்லை. அவருக்கு நேரம் ஏராளமாக இருந்தது. ஆனால் அது அவருடையது இல்லை. எப்போது முடியும் என்று தெரியாத காத்திருப்பை யாரால் நிரப்ப முடியும்? ஆறு மணிநேரம் என்று எழுதிக்கொடுத்துவிட்டால் திட்டம் போடலாம். சீட்டு வரும்வரை என்றால் ஊர் சுற்றும் கால்கூட அரை மனதோடுதான் நடக்கும்.

சீட்டு என்றதும் நம் காலத்துச் சீட்டுகள் நினைவுக்கு வருகின்றன. விமான இடைவெளியில் நகரம் பார்ப்பது எப்படி என்கிற யோசனைகள் எல்லாம் கதவு திறந்திருக்கிறது என்ற எண்ணத்திலிருந்து தொடங்குகின்றன. இந்தியக் கடவுச்சீட்டோடு சென்னையிலிருந்து வந்து ஃபியூமிச்சினோவில் மாறி நியூயார்க் போகிறவருக்கு ஷெங்கன் விசா இல்லாவிட்டால் அந்தக் கதவு இல்லை. பன்னாட்டுப் பகுதிக்குள்ளேயே அடுத்த வாயிலுக்கு நடக்க வேண்டியதுதான். நான் வெளியே வர முடிந்தது ஐரோப்பாவுக்குள் இன்னொரு ஊரிலிருந்து வந்து இறங்கியதால், விசாவில் நாள் மிச்சமிருந்ததால். இலங்கைக் கடவுச்சீட்டு என்றால் கதை இன்னும் இறுக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு விசா விதித்தொகுப்பில் பன்னிரண்டு நாடுகளின் பட்டியல் ஒன்று உண்டு. அந்த நாட்டவர்கள் வேறு விலக்கு எதுவும் இல்லாவிட்டால், வெளியே கால் வைக்காமல் விமானம் மாறுவதற்கே தனி விசா வாங்க வேண்டும். அதில் இலங்கை இருக்கிறது, வங்கதேசம் இருக்கிறது. கனடாக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் ஓர் அக்கா இறங்கி கொலோசியம் பார்த்துவிட்டு வரலாம்; யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்ட தங்கை அங்கே பெஞ்சில் உட்காருவதற்குக்கூட முன்கூட்டி அனுமதி பெற வேண்டும். ஒரே முற்றத்தில் விளையாடி வளர்ந்த இரண்டு பேருக்கு ஒரே ஆறு மணிநேரம் ஒன்றாக இருப்பதில்லை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, நேரத்தை முழுமையாகப் பயன்படுத்திக்கொள் என்ற அறிவுரை எனக்குக் கொஞ்சம் கூச்சம் தருகிறது. அது அக்காவிடம் மட்டுமே சொல்லக்கூடிய வாக்கியம்.

நம் பக்கத்திலிருந்து போனவற்றில் தங்குதடையின்றி ரோம்வரை போனது மிளகுதான் என்று நினைத்திருந்தேன். அதுவும் தங்கித் தங்கித்தான் போயிருக்கிறது. வியன்னாவில் உள்ள 2ஆம் நூற்றாண்டு பாப்பிரஸ் ஒன்று முசிறித் துறையோடு நடந்த வணிகத்தின் கடன் ஒப்பந்தத்தைப் பேசுகிறது. செங்கடல் கரையில் இறக்கி, ஒட்டகத்தில் பாலைவனம் கடந்து கொப்டோஸ், அங்கிருந்து நைல் வழியாக அலெக்சாந்திரியா, ஒவ்வோர் இடத்திலும் கிடங்கு, முத்திரை, காவல், கடைசியில் நான்கில் ஒரு பங்கு வரி. அதன் பிறகே மத்தியதரைக் கடலும் ரோமின் துறையும். ரோமின் நடுவில் பேரரசன் டொமிஷியன் காலத்து மிளகுக் கிடங்குகள் இருந்தன. எல்லா மிளகும் அங்கே போய்ச் சேர்ந்துவிடவும் இல்லை. செங்கடல் துறையான பெரெனிகேயின் செராபிஸ் கோயிலில் அகழ்ந்தபோது, தரையில் பதித்த இந்தியச் சாடி ஒன்றுக்குள் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே இருந்தது. ஏன் அங்கேயே நின்றுவிட்டது? கோயில் காணிக்கையா, யாராவது திரும்பி வந்து எடுக்க வைத்ததா? எதுவானாலும் அந்தச் சாடிக்குப் பெரெனிகே இடைவழி அல்ல, முடிவிடம். வழியில் தங்குவது எது, வந்து சேர்வது எது என்பது புறப்படும்போது தீர்மானமாவதில்லை போலும்.

கிறிஸ்தவச் சிந்தனையாளர் அகஸ்டினின் தாய் மோனிக்காவுக்கும் அப்படித்தான் ஆயிற்று. துறைமுகத்துக்குத் தெற்கே, பழைய ஆற்றுமுகத்து நகரமான ஒஸ்தியாவில் கி.பி. 387இல் அவரும் மகன் அகஸ்டினும் ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறக் காத்திருந்தார்கள். நெடும்பயணக் களைப்பு தீர ஒரு வீட்டில் தங்கல். உள்தோட்டத்தைப் பார்த்த ஜன்னல் ஒன்றில் சாய்ந்து தாயும் மகனும் பேசிக்கொண்டிருந்ததை அகஸ்டின் தன் வாழ்க்கையைச் சொல்லும் நூலின் ஒன்பதாம் பகுதியில் எழுதியிருக்கிறார். கிறிஸ்தவ மரபில் மிகவும் பேசப்பட்ட உரையாடல்களில் ஒன்று, கப்பலுக்காகக் காத்திருந்த நேரத்தில் நடந்திருக்கிறது. சில நாளில் மோனிக்காவுக்குக் காய்ச்சல். ஒன்பதாம் நாள் இறந்தார். தன் ஊரில் கணவன் பக்கத்தில் புதைக்கப்பட வேண்டும் என்று வெகுகாலம் ஆசைப்பட்டவர், கடைசியில் எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள் என்று சொல்லிவிட்டார். 1945இல் ஒஸ்தியாவின் சாந்தா அவ்ரேயா தேவாலய முற்றத்தில் விளையாட்டுக்காகக் கம்பம் நடக் குழி தோண்டிய இரண்டு சிறுவர்களுக்கு அவருடைய கல்லறைக் கல்வெட்டின் துண்டு கிடைத்தது. இடைவேளையை உயர்வாகப் பயன்படுத்தியதற்கு இந்த ஜன்னலைவிட நல்ல உதாரணம் வேண்டுமா என்று கேட்கலாம். எனக்கு அங்கேயும் தயக்கம். அகஸ்டின் எழுதினார், அதனால் அந்த ஜன்னல் இருக்கிறது. அதே தெருவில் அதே வாரம் வேறு நூறு பேர் கப்பலுக்குக் காத்திருந்து, கொட்டாவி விட்டு, கடையில் பேரம் பேசி, குழந்தையை அதட்டியிருப்பார்கள். அந்த நேரம் வீணானது என்று நம்மிடம் யார் சொன்னது?

ஒஸ்தியாவுக்கும் துறைமுகத்துக்கும் நடுவே இசோலா சாக்ரா என்ற இடுகாடு இருக்கிறது. பழைய சாலையின் ஓரமாகச் செங்கல் வீடுகளைப் போன்ற கல்லறைகள், நடுநடுவே மணலில் பாதி புதைந்த சாடிக் கழுத்துகள்; கல்லறை கட்ட வசதியில்லாதவர்களின் அடையாளம் அவை. இங்கே படைத்தலைவர்கள் இல்லை. துறைமுகத்தை நம்பிப் பிழைத்தவர்கள் தங்கள் வேலையைச் சுடுமண் பலகையில் செதுக்கி வாசலில் பதித்திருக்கிறார்கள். ஸ்கிரிபோனியா அத்திகே என்ற மருத்துவச்சியின் பலகை (மூலம் இப்போது ஒஸ்தியா அருங்காட்சியகத்தில் உள்ளது) ஒரு பிரசவத்தைக் காட்டுகிறது: நாற்காலியில் கைப்பிடியை இறுகப் பற்றிய பெண், பின்னால் நின்று அவள் தோளைத் தாங்கும் இன்னொருத்தி, முன்னால் தாழ்ந்த முக்காலியில் கையை நீட்டியபடி மருத்துவச்சி. மருத்துவச்சியின் முகம் பிரசவிப்பவளைப் பார்க்கவில்லை, நம் பக்கம் திரும்பியிருக்கிறது. கணவருக்கு வைத்தியத் தொழில்; அவர் பலகையில் ஒருவனுடைய காலைக் கழுவியோ அறுத்தோ சரிசெய்துகொண்டிருக்கிறார். இரேனேயுஸ்கள் வந்து போய்க்கொண்டிருந்த துறையில் இவர்கள் குடும்பத்தோடு இருந்தார்கள். பிள்ளை பெறவைத்தார்கள், புண்ணுக்குக் கட்டுப்போட்டார்கள், இங்கேயே புதைந்தார்கள். நமக்குக் கப்பல் மாறும் இடம் என்பது அவர்களுக்கு ஊர். இன்றைக்கும் அந்த முனையத்தில் இரவு இரண்டு மணிக்குத் தரை துடைக்கிறவருக்கு, காபி இயந்திரத்தின் முன்னால் நிற்கிறவருக்கு அது அன்றாடம். நாம் ஓடிப்போய்ப் பார்க்கும் கொலோசியத்தின் வாசலிலும் மழை வந்தால் குடை, வெயில் வந்தால் தண்ணீர் பாட்டில் விற்கும் வங்கதேசத்துக்காரர் நிற்பார். தனியாக ஒரு விசா இல்லாமல் ஃபியூமிச்சினோவில் விமானம்கூட மாற முடியாத நாட்டிலிருந்து வந்தவர், ரோமை நம்மைவிட நன்றாக அறிந்தவர்.

கூட்டம் போகாத துறைமுகத்தையும் இடுகாட்டையும் கண்டெடுத்துச் சொல்வது, கொலோசியம் போகிறவனைவிட நான் நுட்பமானவன் என்று காட்டிக்கொள்ளும் வேலைதானோ என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது. பட்டியல் அதேதான், பெயர்கள் மட்டும் அரிதானவை. அதற்குச் சாமர்த்தியமான மறுப்பு எதுவும் என்னிடம் இல்லை. இரேனேயுஸே ரோமுக்குப் போய்விட்டுத்தானே வந்தார். ஆறு மணிநேரம் கையில் இருக்கிறவர் போய்ப் பார்க்கட்டும்; வெளியே வர அனுமதி இருப்பவர் அந்த அதிர்ஷ்டத்தைத் தெரிந்துகொண்டு போகட்டும். நான் மாற்றிக்கொள்ள விரும்புவது என் பதிலின் ஒரு பகுதியை மட்டும். இனி யாராவது கேட்டால் 32 நிமிடத்தையும் 14 யூரோவையும் சொல்வேன். நீ இறங்குகிற இடம் காலியான நேரம் அல்ல, அதற்கும் ஆட்கள் உண்டு, அவர்களில் யாரும் உனக்காகக் காத்திருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வேன். அக்கா மகன் இதைக் கேட்டுச் சிரிப்பான். ரயில் எந்தப் பிளாட்ஃபாரத்திலிருந்து கிளம்பும் என்று கேட்பான். அதுவும் சரியான கேள்விதான்.